தாமான் நெகாராவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? ஒரே ஒரு ராத்திரி மட்டும் போடாதீர்கள்

பத்துமலை, கெந்திங், லங்காவி என்று போகிற மலேசியப் பயணத் திட்டங்களில் இப்போது 'மழைக்காட்டு ரிசார்ட், ஓர் இரவு' என்று புதிதாக ஒரு வரி முளைத்திருக்கிறது. பெரும்பாலும் அது பகாங் மாநிலத்துக் குவாலா தாஹான், அதாவது தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் வாசல். போகலாம், தாராளமாகப் போகலாம். அந்த ஒரு இரவுக் கணக்குதான் தப்பு. இரண்டு இரவாவது வேண்டும், மூன்று கிடைத்தால் ரொம்ப நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் இந்த இடத்தை அடுத்த பயணத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு லங்காவியில் ஒரு நாள் கூடுதலாக இருங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து ஜெராண்டுட் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அங்கிருந்து குவாலா தாஹான் இன்னும் 65க்கு மேல். பிள்ளைகளோடு சாப்பிட்டு, இறங்கி ஏறிப் போனால் ஐந்து மணி நேரம். மதியம் இரண்டு, மூன்று மணிக்குப் போய் இறங்குவீர்கள், காடு தூங்குகிற நேரத்தில். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். மிச்சம் ஒரு சாயங்காலமும் ஒரு விடியற்காலையும்தான். அதில் ஒன்றை மழை தின்றுவிட்டால் எதற்கு வந்தோம் என்றாகிவிடும்.

மலேசிய நேரப்படி சூரியன் ஏழு மணிவாக்கில்தான் உதிக்கிறது, மறைவதும் ஏழுக்கு மேல். காட்டுக்கு நல்ல நேரம் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை, அப்புறம் மாலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை. ரிசார்ட்டின் காலை பஃபேயும் சரியாக இதே நேரத்தில்தான் திறந்திருக்கும்! நம் ஆட்கள் எட்டரைக்கு எழுந்து, பத்து வரை நிதானமாகச் சாப்பிட்டு, பத்தரைக்கு வெயிலில் கிளம்பி, 'ஒன்றுமே இல்லையே' என்பார்கள். ஏழு மணிக்கு வாழைப்பழம், பிஸ்கட் கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு, ஒன்பதரைக்கு வந்து சாப்பிடுங்கள்.

மிருகம் பார்க்கலாம் என்ற எதிர்பார்ப்பையும் வீட்டிலேயே இறக்கிவைத்துவிட்டு வர வேண்டும். இது முதுமலையோ ஆப்பிரிக்கப் புல்வெளியோ இல்லை. 4,343 சதுர கிலோமீட்டர் காட்டில் விதானம், அதாவது மர உச்சிகள் சேர்ந்த கூரை, 40 மீட்டருக்கு மேலே இருக்கிறது. வெளிச்சம், பழம், பூ, பறவை, குரங்கு எல்லாமே அங்கேதான். தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் சொற்பம், அதனால் கீழே மேய்ச்சலுக்குப் புல் கிடையாது. புல் இல்லாத இடத்தில் மான் கூட்டம் எங்கிருந்து வரும்? மலேசியா முழுவதற்குமே காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. அதைக் காட்டுகிறேன் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். ரிசார்ட்டைச் சுற்றி நிஜமாகவே கண்ணில் படுவது நீள்வால் குரங்கு, காட்டுப்பன்றி, கடமான், பெரிய நீருடும்பு, கனிந்த அத்தி மரம் இருந்தால் இருவாச்சி. இருவாச்சியைக் கண்ணுக்கு முன்னால் காது பிடித்துவிடும், சிறகடிப்பு அவ்வளவு பலமாகக் கேட்கும். விடியலில் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கு கூவுவதைக் கேட்க அறை வராந்தாவே போதும். இது கேட்கிற காடு, பார்க்கிற காடு அல்ல.

பிள்ளைகளுக்கு நிச்சயமாகப் பிடிப்பது இரவு நடை. எட்டரை மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பிவிடலாம். ஆளுக்கொரு நெற்றி விளக்கு வேண்டும், ஒரே டார்ச்சை நாலு பேர் பங்குபோட்டால் சண்டைதான் வரும். குச்சிப்பூச்சி, உள்ளங்கை அகலச் சிலந்தி, புற ஊதா டார்ச் பட்டதும் பச்சையாக ஒளிரும் தேள் எல்லாம் நடைபாதை ஓரத்திலேயே இருக்கும். மழை பெய்த இரவு என்றால் எல்லா விளக்கையும் ஐந்து நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். கண் பழகியதும் மட்கிய மரத்தில் ஒளிரும் காளான் தெரிய வாய்ப்பு உண்டு. செல்போன் திரையும் அணைந்திருக்க வேண்டும், அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

விதான நடைபாலம் 500 மீட்டருக்கும் மேல் நீளம், 40 மீட்டர் வரை உயரம். மழை, இடி என்றால் மூடிவிடுவார்கள், பராமரிப்புக்காகவும் அவ்வப்போது மூடுவார்கள். எனவே முதல் நாள் வாய்ப்புக் கிடைத்தால் அன்றே ஏறிவிடுங்கள், 'நாளைக்குப் பார்க்கலாம்' வேண்டாம். 334 மீட்டர் உயர புக்கிட் தெரெசெக் மலைக்கு மரப்படிகள் உண்டு. ஏழெட்டு வயதுப் பிள்ளை ஏறிவிடும், முட்டிவலி உள்ள பாட்டிக்கு அது வேண்டாம்.

பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் எந்தக் கரையில் தங்குவது என்று முதலில் யோசியுங்கள். தெம்பிலிங் ஆற்றின் ஒரு கரையில் கிராமமும் மலிவான விடுதிகளும், எதிர்க்கரையில் பூங்கா. கிராமப் பக்கம் தங்கினால் காட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சரிவில் இறங்கி, ஆடும் படகில் ஏறி, மறுபடி படியேற வேண்டும். படகுக்கூலி அற்பம், படிகள்தான் அற்பமில்லை. வாடகை கூடினாலும் பூங்காப் பக்கமே அவர்களுக்கு நல்லது. அறை வாசலிலிருந்தே மரப்பலகை நடைபாதை தொடங்கிவிடும்.

குவாலா தெம்பிலிங் துறையிலிருந்து ஆற்று வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் படகிலும் வரலாம். நீரை எதிர்த்து வரும்போது மூன்று மணி நேரம் ஆகும், தரையை ஒட்டிய இருக்கையில் கால் மடக்கி உட்கார வேண்டும். வரும்போது சாலை, திரும்பும்போது படகு என்று வைத்துக்கொள்ளுங்கள், நீரோட்டத்தோடு போவதால் நேரம் குறையும். படகு ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

இனி ஈரம். பயணத்தைக் கெடுப்பது அட்டையும் பாம்பும் அல்ல, ஈரம்தான். மின்விசிறி அறையில் துவைத்துப் போட்ட பருத்திச் சட்டை மறுநாளும் காயாது, ஜீன்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். குழந்தைகளோடு போனால் ஏசி அறை எடுங்கள். குளிருக்காக அல்ல, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதற்காக. ஆனால் 18இல் வைக்காதீர்கள், 26 போதும். 18இல் குளிர்ந்த கேமராவை வெளியே கொண்டுபோனதும் லென்ஸில் நீர் பூத்துவிடும், துடைக்கத் துடைக்கப் பூக்கும், இருவாச்சி காத்திருக்காது. கேமராவை ஜிப் பைக்குள் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, வெளியே கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பு பையைத் திறக்காமலே வராந்தாவில் வையுங்கள். ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பை என்றாலே தின்பண்டம் என்று அங்குள்ள குரங்குகளுக்குப் பாடமாகியிருக்கிறது. வராந்தாக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் குளிக்கப் போவதும் அதே கதையில்தான் முடியும்.

காலணிக்கு ஒரு தனிப் பத்தி. பரணில் நாலு வருடமாகக் கிடந்த விலையுயர்ந்த ஷூவை எடுத்துவராதீர்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் கிடந்தபடியே ஈரத்தில் சிதைந்துகொண்டிருக்கும், இரண்டாவது கிலோமீட்டரில் வாயைப் பிளந்துவிடும். மலேசியக்காரர்கள் 'அடிடாஸ் கம்போங்' என்று கிண்டலாக அழைக்கும் கறுப்பு ரப்பர் ஷூவை ஜெராண்டுட் கடைத்தெருவில் வாங்குங்கள். ஒரே வார்ப்பில் செய்தது, அடியில் முள் பிடிப்பு உண்டு, ஒட்டுப் பசையே இல்லாததால் பிரிய எதுவுமில்லை, விலையும் மிகக் குறைவு. தடித்த காலுறையோடு போட வேண்டும், இல்லையென்றால் குதிகால் கொப்புளிக்கும். அதே ஊரில் ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் அட்டையை (கடிக்கிற அட்டை அல்ல, வங்கி அட்டை) நம்பாதீர்கள்.

கடிக்கிற அட்டைக்கு வருவோம். மழைக்குப் பின் இருக்கும், வெயில் நாட்களில் குறையும். நெருக்கமாக நெய்த அட்டை காலுறையை முழங்கால் வரை இழுத்து, பேன்ட்டை அதற்குள் சொருகி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் காலை மற்றவர் பார்த்தால் போதும். ஏறிவிட்டால் உப்பும் நெருப்பும் வேண்டாம். குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடும். ஒல்லியான முனைதான் வாய். அதன் பக்கவாட்டில் நகத்தை நுழைத்து நகர்த்துங்கள், பிறகு தடித்த முனை. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கசியலாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, அழுத்திக் கட்டுங்கள். அம்மா கத்தினால் பிள்ளையும் கத்தும், அவ்வளவுதான் விஷயம்.

காட்டில் அதைவிடப் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, காற்று வீசும்போது மேலிருந்து விழும் காய்ந்த கிளை. காற்று கிளம்பினால் ரசிக்க நிற்காமல் அறைக்குத் திரும்புங்கள். இன்னொன்று ஆறு. லாத்தா பெர்கோ அருவி போன்ற இடத்தில் குளிக்கும்போது தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். நீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் பிள்ளைகளை அந்த நொடியே கரையேற்றுங்கள்.

அரையாண்டு விடுமுறைக்கு இங்கே வரத் திட்டமிடாதீர்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை கனமழை. 2014 டிசம்பர் வெள்ளத்தில் குவாலா தாஹானே மூழ்கியது. கோடை விடுமுறை பொருந்தும், பிற்பகல் இடிமழையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சைவக் குடும்பங்கள் கவனிக்க: 'இறைச்சி இல்லை' என்று சொன்னால் மலாய்ச் சமையலில் போதாது. கீரை வதக்கலிலும் சம்பால் என்ற மிளகாய்த் துவையலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் நெத்திலி இருக்கும். 'தக் மாவ் டாகிங், ஆயாம், ஈக்கான், உடாங், பெலாச்சான்' (இறைச்சி, கோழி, மீன், இறால், இறால் விழுது வேண்டாம்) என்று ஐந்தையும் சொல்லுங்கள். அவசரத்துக்கு வெள்ளைச் சோறும் வீட்டுப் பருப்புப் பொடியும்.

பெரும்பாலான பேக்கேஜ் பயணங்களில் பாத்தேக் பூர்வகுடிக் குடியிருப்புக்கு ஒரு மணி நேரம் வைத்திருப்பார்கள். வேட்டை ஊதுகுழாய் ஊதிக் காட்டுவார்கள், தீ மூட்டிக் காட்டுவார்கள். அது காட்சிக்கூடம் இல்லை, வீடு. கேட்காமல் படமெடுப்பதும் அங்குள்ள குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுவதும் அசிங்கம். சங்கடமாக இருந்தால் போகாமல் விடுவதும் சரியான முடிவே.

கொசு விரட்டியில் டீட் (DEET) என்ற பூச்சி விரட்டும் பொருள் 20 முதல் 30 சதவீதம் இருக்கட்டும். சிறு பிள்ளையின் உள்ளங்கையில் தடவாதீர்கள், வாய்க்குப் போகும். சன்ஸ்கிரீன் போடுவதானால் அது முதலில், விரட்டி அதற்கு மேல். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் 'மலேசியா போய்வந்தோம்' என்பது போதாது, 'மழைக்காட்டில் தங்கினோம், ஆற்றில் குளித்தோம்' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். டெங்கு சோதனையில் இல்லை என்று வந்தாலும் எலிக்காய்ச்சலும், குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியாவும் மிச்சமிருக்கின்றன. நோலெசி, நுண்ணோக்கியில் வேறொரு மலேரியா வகையைப் போலவே தெரியும். காட்டில் தங்கியது தெரியாவிட்டால் இங்குள்ள ஆய்வகத்துக்கு அந்தச் சந்தேகமே வராது. என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை இபுப்ரூஃபன், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், பாரசிட்டமால் மட்டும்.