புதுப்பிப்பதும் பழையபடி ஆக்குவதும்

கோயில் திருப்பணியைப் பற்றி வரும் கட்டுரைகளில் புதுப்பித்தல், சீரமைத்தல், மீட்டெடுத்தல் மூன்றும் ஒரே பொருளில் வருகின்றன. பேச்சில் சரி, கற்கோயில் விஷயத்தில் இந்தக் கலப்படம் ஆபத்து. புதுப்பிப்பது என்றால் புதுசு மாதிரி ஆக்குவது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படித்தான் பல கோயில்களில் மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கல்லைப் பளபளப்பாக்கினார்கள். அழுக்கோடு கல்லின் மேல்தோலும் போய்விடும். கல்வெட்டு எழுத்து அதிக ஆழம் இல்லாதது. முனை மழுங்கினால் 'ப'வா 'ம'வா என்றே தெரியாது. அதில் இருந்த நிலதானக் கணக்கும் ஊர்ப்பெயரும் அதோடு போயிற்று.

மீட்டெடுப்பது, அதாவது பழையபடி ஆக்குவது, வேறு வேலை. சுண்ணாம்பை மணலோடு புளிக்க வைத்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டு அரைத்துப் பூச வேண்டும். சிமெண்டைப்போல அவசரத்துக்கு ஆகாது. ஆனால் சுவர் மூச்சு விடும், ஈரம் உள்ளே அடைபடாது. திருவரங்கம் ரங்கநாதர் கோயிலில் இப்படி மீட்டெடுத்தபோது பழைய மழைநீர் வடிகால்களையும் சரிசெய்தார்கள். அந்தத் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

நம் ஊர்ப் பேச்சில் குளத்தைத் தூர்வாருவோம், கூரையை வேய்வோம், அம்மியைக் கொத்துவோம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோம். என்ன வேலை என்று கேட்டவுடனே புரியும். திருப்பணி அறிவிப்புப் பலகையிலும் வெறும் 'புனரமைப்பு' என்று போடாமல், எந்தச் சுவரில் என்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதட்டும்.