ஷட்டரைத் தினமும் திறக்கிறீங்க, வெப்சைட்டைத் திறந்து எத்தனை வருஷமாச்சு?

சனிக்கிழமை சாயங்காலம். அரிசியும் உளுந்தும் ஊறித் தயாராக இருக்கின்றன. ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, பாத்திரம் மட்டும் சுற்றமாட்டேன் என்கிறது. கழற்றிப் பார்த்தால் பெல்ட் அறுந்து கிடக்கிறது. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஒரு பெல்ட்டுக்காகப் பதறுவானேன் என்றுதான் நினைத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். சின்ன உள்ளூர்க் கம்பெனி, ஓனரே கல்லாவில் உட்காருவார். பெட்டியில் வெப்சைட் முகவரி அச்சாகியிருந்தது. சர்வீஸ் விவரம் அதில் இருக்கும், போய் மாற்றிக்கொண்டு வந்தால் ராத்திரிக்குள் மாவு ஆட்டிவிடலாம். இதுதான் என் கணக்கு.

திறந்ததும் மேலே ‘பாதுகாப்பற்றது’ என்றது க்ரோம். 2018 ஜூலையிலிருந்தே ஹெச்டிடிபிஎஸ் என்ற, நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாத இணைப்பு இல்லாத தளங்கள் எல்லாவற்றுக்கும் க்ரோம் இந்த முத்திரையைக் குத்துகிறது. அதற்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு காசு வாங்காமலே தருகிறது. இலவசமாகக் கிடைப்பதைக்கூட வாங்கிப் போட ஆளில்லை!

சரி, பெல்ட்தானே வேண்டும் என்று உள்ளே போனேன். எழுத்தெல்லாம் கடுகு சைஸ். இரண்டு விரலால் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. ‘சர்வீஸ்’ மெனு, மவுஸ் அம்பை மேலே கொண்டுபோனால் விரியும் ரகம். போனில் அம்புக்கு நான் எங்கே போவேன்? தட்டினேன், அழுத்தினேன், தடவினேன், அது அசையவில்லை. பக்கத்தின் அடியில் ஒரு 0422 நம்பர் இருந்தது. அதுவும் படமாக! தொட்டால் டயல் ஆகாது, காப்பியும் ஆகாது. கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு அடித்தால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு அம்மணி சொல்கிறார்.

கோபம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு இன்னொரு பித்தும் பிடித்துக்கொண்டது. கல்வெட்டைப் பார்த்துக் காலத்தைச் சொல்கிறார்களே, அதுபோல இந்தத் தளத்தின் வயதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்துவிட்டேன். முகப்பு நடுவே ஒரு பெரிய வெற்றுப் பள்ளம். ஒரு காலத்தில் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்த அசையும் படம் ஓடியிருக்கும், அந்த ஃப்ளாஷுக்கு அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடுவிழா நடத்திவிட்டது. ஓரத்தில் ஃபேஸ்புக் மாதிரி கூகுள் நடத்திய கூகுள் பிளஸ்ஸின் சின்னம், அது 2019 ஏப்ரலிலேயே போய்ச் சேர்ந்தாயிற்று. மேப் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்துப்போன ஒரு பெட்டி. இந்த வகை மேப்பைத் தளத்தில் வைக்க பில்லிங் கணக்கு வேண்டும் என்று 2018-இல் கூகுள் சொன்னது இவர் காதுக்கு எட்டவில்லை போல. எல்லாவற்றுக்கும் கீழே, ஜிஎஸ்டிக்கு முன்னால் இருந்த வாட் வரிக் காலத்து டின் நம்பர், அதாவது வியாபாரியின் வரிப் பதிவு எண்! ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. ஆக, அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு மனிதக் கை இந்தப் பக்கத்தில் படவே இல்லை. என் பெண் யுகேஜியில் இருந்தபோது போட்டு வைத்தது. இப்போது அவள் பிளஸ் டூ.

முகவரியாவது உண்மையாக இருக்கும் என்று நம்பினேன் பாருங்கள், அதுதான் என் முட்டாள்தனம். பத்துப் பன்னிரண்டு கிலோ கிரைண்டரை ஸ்கூட்டர் முன்பக்கத்தில் நிற்கவைத்து, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, சனிக்கிழமை டிராஃபிக்கில் காந்திபுரம் வரை போனேன். அந்தக் கதவு எண்ணில் ஒரு செல்போன் கவர் கடை. வண்டியிலிருந்து நான் இறங்குவதற்குள் அந்தத் தம்பி சிரித்துவிட்டான்.

“ஏனுங்ணா, கிரைண்டருங்களா? அவிய காலி பண்ணி நாலு வருசமாச்சுங்க. வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படித் தூக்கீட்டு வந்துர்றாங்க.”

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், புது நம்பரை மார்க்கரால் கண்ணாடியிலேயே எழுதி வைத்திருக்கிறான். கம்பெனி செய்ய வேண்டிய வேலையை, அதற்குச் சம்பந்தமே இல்லாத செல்போன் கவர் விற்கிற பையன் செய்துகொண்டிருக்கிறான்.

புதுக் கடையில் ஓனர் தங்கமான மனுஷர், அதையும் சொல்லத்தான் வேண்டும். காபி கொடுத்தார், பத்து நிமிடத்தில் பெல்ட் மாறிவிட்டது. வெப்சைட் பேச்சை எடுத்தேன்.

“அது மச்சான் பையன் காலேஜ் படிக்கறப்ப பண்ணுனதுங்க. இப்ப பெங்களூர்ல இருக்கான். பாஸ்வேர்டு அவங்கிட்டத்தான் இருக்கோணும்.”

“வருஷா வருஷம் பணம் கட்டறீங்களா?”

“அது தானாப் போயிருதுங்க. யாருங்க அதெல்லாம் பாக்கறாங்க?”

யார் பார்க்கிறார்களா? எதிரில் முழங்கால் வலிக்க உட்கார்ந்திருக்கிறேனே, நான் பார்த்தேன் ஐயா! வாரத்துக்கு இரண்டு பேர் பார்த்துவிட்டு அந்தத் தம்பி கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். வந்தவர்கள் கணக்கே இப்படி. அந்தச் செத்த நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனவர்களை யார் எண்ணுவது?

இதே மனிதர் ஆயுத பூஜைக்குக் கடை முழுக்கக் கழுவிவிட்டு, ஸ்பேனருக்குக்கூடச் சந்தனப் பொட்டு வைப்பார். போர்டில் ஒரு டியூப்லைட் மினுக்கினால் அன்றைக்கே ஆள் வந்து மாற்றிவிடுவான். ஏனென்றால் அது கண்ணில் படுகிறது. வெப்சைட்டும் படும், சொந்த போனில் ஒரே ஒரு தடவை தட்டிப் பார்த்தால் போதும். யாரையும் கூப்பிட்டு ஆடிட் செய்யச் சொல்லவில்லை. கடை மாறியதா, நம்பர் மாறியதா, வரி மாறியதா, அன்றைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். தளத்தில் இருக்க வேண்டிய விவரத்தையே திரும்பத் திரும்பப் போனில் கேட்கிறார்களா, அன்றைக்கும் பாருங்கள். முதல் வேலையாக மச்சான் பையனிடமிருந்து அந்தப் பாஸ்வேர்டை வாங்குங்கள். நாளைக்கு அவன் கனடா போய்விட்டால் உங்கள் கம்பெனி பெயரில் இருக்கும் வெப்சைட் முகவரியே உங்கள் கையில் இருக்காது.

இதையெல்லாம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, “அடுத்த தடவை நேரா இங்க வந்துருங்க” என்று விசிட்டிங் கார்டை நீட்டினார். பழைய அட்டைதான். காந்திபுரம் முகவரியைப் பால்பாயிண்ட் பேனாவால் அடித்துவிட்டு, புது முகவரியையும் நம்பரையும் குண்டு குண்டாகக் கையால் எழுதியிருந்தார். மேஜையில் அப்படித் திருத்திய அட்டைகள் ஒரு கட்டு இருந்தது, இருநூறாவது இருக்கும். அத்தனையும் ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறார் மனுஷர். அடியில் வெப்சைட் முகவரி மட்டும் அடிபடாமல் அப்படியே இருந்தது, ‘மேலும் விவரங்களுக்கு’ என்று.