கண்வலிக்கிழங்கைச் சுத்தி செய்துவிட்டால் சாப்பிடலாமா?

மூட்டுவலிக்குக் கண்வலிக்கிழங்கு சாப்பிடச் சொல்லும் பதிவுகளில் தவறாமல் ஒரு வரி வரும்: "மோரில் ஊறவைத்துக் காயவைத்தால் விஷம் முறிந்துவிடும்." இந்த வரியை நம்பி யாரும் வீட்டில் இறங்காதீர்கள்.

சுத்தி முறை பொய்யல்ல. கிழங்கை மெல்லிய வில்லைகளாகச் சீவி, உப்புப் போட்ட மோரில் இரவு ஊறவைத்து, பகலில் உலர்த்தி, மறுநாள் புது மோர் மாற்றி, இப்படிப் பல நாள் செய்வார்கள். கிழங்கிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு நீரில் கரையும் என்பதால் ஒரு பகுதி மோரோடு போய்விடும். மீதி உள்ளேயே இருக்கும். எவ்வளவு மீதி என்பது வில்லையின் கனம், கிழங்கின் வயது, மோர் மாற்றிய தடவை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். நாக்கில் வைத்துப் பார்த்து அளக்க முடியாது. வேகவைத்தாலும் அழியாது. விதையிலும் இதே நஞ்சுதான், கிழங்கைவிட அதிகமாகவே.

கீல்வாதத்துக்கு (கவுட்) ஆங்கில மருத்துவம் தருவதும் இதே கொல்கிசின்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் செங்காந்தளை, அதாவது இதே கண்வலிக்கிழங்குச் செடியைப் பயிரிடுவதே இந்த மருந்து எடுக்கும் விதைக்காகத்தான். வலி கிளம்பியதும் 1.2 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.6, அவ்வளவுதான் மாத்திரை அளவு. அதிலும் சிறுநீரகம் பழுதானவருக்குக் குறைப்பார்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுபவருக்குப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள், அது உடம்பில் கொல்கிசினைத் தேங்க வைக்கும். மில்லிகிராமில் எண்ணிக் கொடுக்கும் மருந்தை "சுண்டைக்காய் அளவு" என்று எழுதுபவருக்கு எதிரே இருப்பவரின் சிறுநீரகம் பற்றி என்ன தெரியும்?

கர்ப்பிணிகளுக்கு இதை உள்ளுக்குக் கொடுக்கச் சொல்பவர்களை உடனே தடுக்க வேண்டும்.

இந்த நஞ்சு செல் பிரிவதை நிறுத்துகிறது. அதனால் வேகமாகப் பிரியும் செல்கள் முதலில் அடிபடும்: குடலின் உட்பூச்சு, எலும்பு மஜ்ஜை, முடிவேர். தின்றதும் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். காலரா போலக் கொட்டும். பலர் அதை உணவு ஒவ்வாமை என்று நினைத்து உப்புச் சர்க்கரைக் கரைசலோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அடுத்த நாள்களில் இரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் நிற்கும், வெள்ளணுவும் தட்டணுவும் சரியும். பிழைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்களும் உண்டு. தோட்டத்தில் அழகுக்கு வளர்ப்பவர்கள், மற்ற கிழங்குகள் இருக்கும் பாத்தியில் இதை நடவே கூடாது.

யாராவது தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். முதல் மணி நேரத்தில் போனால் மருத்துவமனையில் கரித்தூள் கொடுத்து ஓரளவு தடுக்க முடியும். கடைகளிலோ மருத்துவமனைகளிலோ வழக்கமாகக் கிடைக்கும் முறிமருந்து இதற்கு இல்லை. மிச்சக் கிழங்கைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு தின்றார் என்று சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு நின்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். இரத்த அணுக்கள் சரிவது அதற்குப் பிறகுதான், ஒரு வாரமாவது பரிசோதனை தொடர வேண்டும்.