ஏழாம் மாசத்த பேய் மாசம்னு சொல்லி பயமுறுத்துறவங்களுக்கு

சீனக் காலண்டர்ல ஏழாம் மாசம் செத்தவங்க ஆவி பூமிக்கு வர்ற மாசம்னு சீனங்க நம்புறாங்க. அது பொறந்தா போதும், நம்ம ஆளுங்க வாட்சப் குரூப்ல ஆரம்பிச்சிடுவாங்க. ராத்திரி துணி வெளிய காயப்போடாத, பின்னாலேருந்து யாராச்சும் கூப்ட்டா திரும்பாத, கடல்ல குளிக்காத, புது வீட்டுக்குக் குடி போகாத. சீனப் பாட்டிங்க பேரப்பிள்ளைங்களுக்கு சொல்றத எடுத்து கூட ரெண்டு பேய்க் கதையையும் ஒட்டி ஃபார்வர்டு பண்றது. சிங்கப்பூர்ல வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்ல கதவுக்குக் கதவு இத்தனை வருஷமா அவங்களோட இருக்கோம், இந்த மாசத்துல அவங்க என்னதான் செய்றாங்கன்னு அஞ்சு நிமிஷம் நின்னு பாத்திருந்தா இப்படிப் பேச மாட்டோம்.

அவங்க செய்றது சோறு போடுறது, அவ்வளவுதான். சொந்த முன்னோருக்குப் படைக்கிறது ஒரு பக்கம், அது நமக்குப் புதுசு இல்ல. எனக்குப் பிடிச்சது ரோட்டோரமா புல்லு மேல வைக்கிறாங்களே அந்தப் படையல்தான். அது யாருமே இல்லாம செத்தவங்களுக்கு. பிள்ளை குட்டி இல்லாதவங்க, கடல்ல போனவங்க, பொழைக்க வந்த ஊர்ல பேரு கூட தெரியாம போய்ச் சேந்தவங்க, இவங்களுக்கெல்லாம் திதி கொடுக்க யாரு இருக்கா? அவங்களுக்குத்தான் சோறு, ஆரஞ்சு, பிஸ்கட்டு, ஊதுபத்தி. பேய்னு வாய் விட்டு சொல்லாம 'நல்ல சகோதரங்க'ன்னு மரியாதையா சொல்ற வழக்கம் ஹொக்கியன் மொழி பேசுற சீனங்ககிட்ட உண்டு.

இதுக்குச் சொல்ற கதையோட நாயகனே நம்ம பக்கத்து ஆளுதான். புத்தரோட சீடர் மௌத்கல்யாயனர், சீனத்துல மூலியன். செத்துப்போன அம்மாவத் தேடிப் பாக்குறாரு, அவங்க பசிப்பேயா கிடக்காங்க, இவரு சோறு கொண்டுபோய்க் கொடுத்தா வாய்க்குள்ள போறதுக்கு முன்னாடியே நெருப்புக் கங்கா மாறிடுது. அவ்ளோ தவசக்தி இருந்தும் பெத்தவ பசிய தனி ஆளா ஆத்த முடியல. ஏழாம் மாசம் 15ஆம் நாள், மழைக்காலத் தவம் முடிக்கிற துறவிங்க எல்லாருக்கும் சேத்து அன்னமிடு, அந்தப் புண்ணியத்துல அம்மா கரையேறுவான்னு புத்தர் சொல்றாரு. தாவோ மதத்துக்காரங்களுக்கும் அதே 15ஆம் நாள்தான் பாவமன்னிப்பு நாள், ரெண்டும் கலந்து இன்னிக்கு எது எதோடதுன்னு பிரிக்கவே முடியாது. அட, செத்தவங்க செலவுக்குன்னு அவங்க எரிக்கிற காகிதப் பணம், அதான் நரக வங்கி நோட்டு, அதுல கையெழுத்துப் போடுறவரு கூட நம்ம எமதர்மராஜாதான், புத்த மதத்தோட சீனாவுக்குப் போய் செட்டில் ஆனவரு.

நாள் கணக்கையும் பாருங்க. 2024ல ஏழாம் மாசம் தொடங்குன ஆகஸ்ட் 4 அன்னிக்குத்தான் நமக்கு ஆடி அமாவாசை. 2025ல அவங்களுக்கு ஒரு அதிக மாசம் வந்து தள்ளிப்போனதால ஏழாம் மாசம் செப்டம்பர் 21ல முடிஞ்சுது, அன்னிக்கு நமக்கு மகாளய அமாவாசை. காலைல காக்காவுக்கு சோறு வச்சிட்டு சாயந்திரம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஊதுபத்தி ஏத்துறதப் பாத்து முகம் சுளிக்கிறவங்கள என்ன சொல்றது!

புகை பிரச்சனை இல்லன்னு சொல்லல. ஆஸ்துமா இருக்குற பிள்ளைய வச்சிருக்கவங்க புலம்புறதுல நியாயம் இருக்கு, டவுன் கவுன்சில் இரும்புத் தொட்டி வச்சிருந்தும் அதுக்கு வெளியவே புல்லுல கொளுத்திட்டுப் போறவங்க மேல எனக்கும் கோவம்தான். அதே மாதிரி பேப்பர்ல கார், பங்களா, பிராண்ட் ஹேண்ட்பேக், ஐஃபோன்னு எரிக்கிறது எனக்கு ஒட்டவே இல்ல, செத்தவங்களுக்கு செய்றதா உயிரோட இருக்கவங்களுக்குக் காட்டுறதான்னு சந்தேகமா இருக்கு (நம்ம ஊட்டு கல்யாணத்தப் பத்தியும் இதையே கேக்கலாம், விடுங்க).

ஆனா இதுல ஊருக்குத் திரும்பிப் போறதும் நிறைய. ஏழாம் மாசத்துக்கு எல்லாரும் சேந்து வைக்கிற விருந்தப்போ ஏலம் விடுவாங்க, அதுல சிவப்பும் தங்கமுமா அலங்காரம் பண்ணின அடுப்புக்கரி கூட இருக்கும், கறுப்புத் தங்கம்னு பேரு, அதிர்ஷ்டம் வரும்னு வியாபாரிங்க ஆயிரக்கணக்கான டாலருக்கு எடுப்பாங்க. அந்தக் காசு அடுத்த வருஷப் பூஜைக்கும் தான தர்மத்துக்கும் போகும். ஹாங்காங்ல தியோச்சூன்னு இன்னொரு சீனப் பிரிவுக்காரங்க விளையாட்டுத் திடல்ல பந்தல் போட்டு இதப் பெருசா செய்வாங்க, பூஜையில வச்ச அரிசிய அப்புறம் பை பையா வயசானவங்களுக்குக் கொடுப்பாங்க, வெயில்ல பாட்டிங்க க்யூ நிக்கும். பேய்க்குப் போட்ட சோறு கடைசியில யாருக்குப் போகுதுன்னு பாத்தீங்களா?

அதனால இந்த வருஷம் ஃபார்வர்டு பண்றத விட்டுட்டு, பிள்ளைங்களுக்கு ரோட்டோரப் படையல மிதிக்காம சுத்திப் போகச் சொல்லிக் குடுங்க. அப்படியே ஒரு நாள் கெதாய் பாக்கப் போங்க, அது இந்த மாசத்துல ஆவிங்களுக்காக மேடை போட்டு நடத்துற பாட்டுக் கச்சேரி, ஹொக்கியன் பாட்டு புரியலன்னாலும் பரவால்ல, ஜிகினா டிரஸ்ஸும் எல்இடி லைட்டும் ஜோக்குமா சும்மா அதிரும், டிக்கெட்டும் கிடையாது. முன் வரிசை காலியா இருக்கேன்னு போய் உக்காந்துடாதீங்க, அது வேற ஆளுங்களுக்கு ரிசர்வ் பண்ணினது, எந்திரிக்கச் சொல்லிடுவாங்க.