கறுப்புக் குதிரையும் காண்டோ சேர்மனும்

(சிங்கப்பூரில் தெம்பனிஸ் பக்கம் ஒரு காண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் காவல் அறை. மேசையில் ஓபி புத்தகம்: நடந்ததையெல்லாம் காவலர்கள் குறித்துவைக்கும் பதிவேடு. மாலை ஏழு மணி, ஷிப்ட் மாறும் நேரம். பகல் காவலர் மாணிக்கத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஆங்கிலம் மட்டும் இப்போதுதான் முளைக்கிறது. இரவுக் காவலர் செல்வி. அவர் மகள் தொடக்கநிலை ஆறு, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதப்போகிறாள். ஆகவே அந்த வீட்டில் எல்லாருக்கும் பரீட்சை.)

செல்வி: அண்ணே, பையை எடுக்காதீங்க. உக்காருங்க. நேத்து ஓபி புத்தகத்துல என்ன எழுதி வச்சீங்க?

மாணிக்கம்: சைக்கிள் நிறுத்துற இடத்துல ஒருத்தன் சுத்திக்கிட்டு இருந்தானே, அவனைப் பத்தித்தான். "சும்மா ஒரு ஆள் வந்தான்னு எழுதாத, டிஸ்கிரைப் பண்ணு"ன்னு மேனேஜர் சொன்னார்ல? பண்ணிட்டேன்.

செல்வி: டிஸ்கிரைப் பண்ணுன்னா உயரம், வயசு, சட்டைக் கலர், கண்ணாடி போட்டிருக்கானா இல்லையா. அவ்வளவுதான்.

மாணிக்கம்: சட்டையை அவன் டாய்லெட்ல போய் மாத்திக்குவான்மா. குணத்தை எங்க போய் மாத்துவான்?

(நியாயமான கேள்விதான். செல்வி பதில் சொல்லாமல் புத்தகத்தைப் பிரிக்கிறார்.)

செல்வி: "டவுன் டு எர்த்." இதைப் படிச்சா நான் என்ன நெனைப்பேன்? ஆளு தரையோட தரையா இருப்பான், குட்டைன்னு நெனைச்சேன்.

மாணிக்கம்: பந்தா இல்லாதவன்மா! நான் குந்தியிருந்த படியிலேயே பக்கத்துல உக்காந்து கோப்பி குடிச்சான்.

செல்வி: சந்தேகப்பட்ட ஆளுகூடவா கோப்பி?

மாணிக்கம்: சந்தேகம் கோப்பிக்கு அப்புறம்தானே வந்துச்சு. அதான் அடுத்த வரியில "டார்க் ஹார்ஸ்"னு போட்டேன்.

செல்வி: என்னைக் கவுத்ததே அந்த வரிதான். கறுப்புச் சட்டை, நெஞ்சுல குதிரைப் படம்னு எடுத்துக்கிட்டேன். போலோ டிஷர்ட்!

மாணிக்கம்: ஐயையோ, அது ரேஸ் பாஷைம்மா. யாருக்கும் தெரியாத குதிரை திடீர்னு ஜெயிக்கும்ல? அந்த மாதிரி, உள்ளுக்குள்ள என்ன வச்சிருக்கான்னே தெரியாத ஆளு.

செல்வி: கிராஞ்சி ரேஸையே 2024 அக்டோபரோட மூடியாச்சு. நீங்க இன்னும் குதிரையை விடலையா?

மாணிக்கம்: மூடினது எனக்குத் தெரியாதா? அன்னைக்கு எங்க வீட்டுக்காரி பாயாசம் வச்சா.

செல்வி: அடுத்தது, "டைட் ஃபிஸ்டட்."

மாணிக்கம்: கஞ்சன். கோப்பிக்கு நான்தான் காசு குடுத்தேன்.

செல்வி: கையை இறுக்கி மூடி எதையோ ஒளிச்சு வச்சிருக்கான்னு நான் நெனைச்சேன். கேளுங்க. ராத்திரி ஒம்பதரை மணி. ஒரு ஆளு நடந்து வர்றார். குட்டை. கறுப்புச் சட்டை. நெஞ்சுல குதிரை. வலது கை மூடியிருக்கு. விடுவேனா?

மாணிக்கம்: பிடிச்சிட்டியா!

செல்வி: பிடிச்சேன். "ஓப்பன் யுவர் ஹேண்ட்!"னு நான் போட்ட சத்தத்துல நாலாவது மாடியில லைட் எரிஞ்சுது. திறந்தார். உள்ள ரெண்டு பிரஷர் மாத்திரை.

மாணிக்கம்: அடப்பாவமே. யாரும்மா அது?

செல்வி: எம்சிஎஸ்டி சேர்மன். இந்தக் காண்டோ நிர்வாகக் குழுவுக்கே தலைவர்!

(மாணிக்கம் உட்காருகிறார். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்; இது இன்னும் கொஞ்சம் கீழே.)

மாணிக்கம்: பழியை என் தலையில மட்டும் போடாத. இந்த இங்கிலீசு எல்லாம் உன் மக குடுத்த ஜெராக்ஸ்தானே?

செல்வி: அது கட்டுரைக்குண்ணே! மூணு படம் குடுப்பாங்க, குறைஞ்சது 150 வார்த்தை எழுதணும். பூனை குறுக்க ஓடினாக்கூட நெத்தியில வேர்வை முத்து முத்தா உருளணும், இதயம் ஒரு துடிப்பு தவறணும். அதுக்காகப் பிள்ளைங்க மூட்டை மூட்டையா மனப்பாடம் பண்ணுதுங்க. ஓபி புத்தகம் கட்டுரையா?

மாணிக்கம்: சரி, கடைசி வரி? அதுலதான் எச்சரிக்கையே இருக்கு. "லூஸ் கேனன்."

செல்வி: படிச்சேன். படிச்சுட்டுத்தான் மேனேஜரைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பினேன். பீரங்கி சிலோசோ கோட்டையிலதானே இருக்கும், நம்ம பேஸ்மெண்டுக்கு எப்படி வந்துச்சுன்னு அவர் கேக்கறார்.

மாணிக்கம்: அது அந்தக் காலத்துக் கப்பல்ல கயிறு அறுந்த பீரங்கிம்மா. கப்பல் ஆடினா இப்படியும் உருளும், அப்படியும் உருளும், சொந்த ஆளையே நசுக்கும். எப்ப என்ன செய்வான்னு சொல்ல முடியாதவன்னு அர்த்தம்.

செல்வி: அவன் அப்படி என்னதான் செஞ்சான்?

மாணிக்கம்: எல்லார் சைக்கிள் பெல்லையும் ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்தான்.

செல்வி: அவ்வளவுதானா? எதுலயும் மூக்கை நுழைக்கிற ஆளு, "கேபோ"ன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் நிம்மதியா ரவுண்டு போயிருப்பேனே!

மாணிக்கம்: அது சிங்லிஷ், நம்ம ஊர்க் கலப்பு இங்கிலீசு. ரிப்போர்ட்ல வரக்கூடாது. நல்ல இங்கிலீசு பேசுங்கன்னு அரசாங்கம் 2000லயே இயக்கம் ஆரம்பிச்சுது.

செல்வி: "கியாசு"ங்கிற சிங்லிஷ் வார்த்தை 2007லயே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில ஏறிடுச்சு, தெரியும்ல?

மாணிக்கம்: அகராதியில ஏறி என்ன பண்றது? நம்ம மேனேஜர் மண்டையில ஏறணுமே.

செல்வி: அந்த மேனேஜர்தான் இப்ப மன்னிப்புக் கடிதம் கேக்கறார். சேர்மனுக்கு. நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.

மாணிக்கம்: (முகம் மலர்ந்து பேனாவை எடுக்கிறார்) கவலையை விடு. "டியர் சேர்மன், யூ ஆர் எ பிக் சீஸ்." பெரிய மனுசன்னு அர்த்தம்.

செல்வி: அவருக்குக் கொழுப்பு கூடியிருக்குன்னு டாக்டர் திட்டினாராம். நீங்க வேற சீஸைக் காட்டாதீங்க.

மாணிக்கம்: அப்ப "சால்ட் ஆஃப் தி எர்த்." பைபிள்லயே இருக்கு. ரொம்ப நல்லவர்னு...

செல்வி: பிரஷர் மாத்திரையை இந்தக் கண்ணாலதான் பாத்தேன். உப்பா?

மாணிக்கம்: "குட் எக்"?

செல்வி: சீன மாசத்துல ஒண்ணாம் தேதியும் பதினஞ்சாம் தேதியும் அவர் சுத்த சைவம். இன்னைக்குப் பதினஞ்சு.

மாணிக்கம்: அந்த மனுசனைப் புகழவே வழியில்லையா? என்னதான் எழுதறது?

செல்வி: ஒரே வார்த்தை. "சாரி." எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க, நான் ரவுண்டு போகணும்.

(மாணிக்கம் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறார். செல்வி வாங்கிப் பார்க்கிறார்.)

செல்வி: எஸ், ஏ, ஆர், ஐ... அண்ணே, சேர்மனுக்கு எதுக்குண்ணே சேலை?