அத்தைக்குத் தெரியாமல் ஓர் அடுக்குக் கேக்

சிங்கப்பூரின் ஈசூனில், நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றின் சமையலறை; இரவு 11 மணி. வீட்டுத் தலைவிக்கு மறுநாள் 60 வயது நிறைகிறது. அவர் தம் அறையில் உறங்கிக்கொண்டிருக்க, அவருடைய கணவரும் மருமகளும் மாம்பழமும் லைச்சியும் மல்லிகை மணமும் சேர்ந்த மூன்றடுக்குக் கேக் ஒன்றை அவருக்குத் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். மாமனார் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சமையலறைக்குள் வருவது வழக்கமாகத் தண்ணீர் குடிப்பதற்காக மட்டுமே என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மருமகள்: மாமா, அந்த ஓவன் கதவை இன்னொரு தடவை திறந்தீர்களானால், உள்ளே போனது கேக்காகத் திரும்பி வராது, அடையாகத்தான் வரும்.

மாமனார்: சும்மா எட்டிப் பார்த்தேன், அம்மா. வாழ்நாளெல்லாம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கதவைத் திறந்து மூடிய கை இது. என்னைக் கேட்டுக்கொண்டா போகிறது?

மருமகள்: இந்த நிறுத்தத்தில் இறங்குவதற்கு யாரும் இல்லை. 4 முட்டையையும் 120 கிராம் சீனியையும் வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து, விரல் பொறுக்கும் சூடு வரும்வரை கிளறி, பிறகு இயந்திரத்தால் அடித்து, கம்பியைத் தூக்கினால் நாடாவாக விழுந்து சற்று நேரம் கலையாமல் கிடக்கும் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான், 120 கிராம் மாவைச் சலித்து மெல்லக் கலந்தேன். பேக்கிங் பவுடர் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. நுரைக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் இதைத் தூக்கி நிறுத்த வேண்டும். 170 டிகிரி சூட்டில் அது எழும்பி இறுகுவதற்குள் நீங்கள் குளிர்ந்த காற்றை உள்ளே விட்டால், நடுவில் குழி விழுந்துவிடும்.

மாமனார்: இந்தச் சமையலறையில் குளிர்ந்த காற்றா? என் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மருமகள்: 170 டிகிரிக்கு நம்முடைய 30 டிகிரி குளிர்தான், மாமா. நாற்காலியில் உட்கார்ந்து லைச்சியை வடிகட்டிக் கொடுங்கள்.

மாமனார்: வடிகட்டுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். நடைபாதைத் தொட்டியில் உன் அத்தை வளர்க்கும் குண்டுமல்லியை, அவள் தொலைக்காட்சித் தொடரில் மூழ்கியிருக்கும் மாலை வேளையில், மொட்டாகவே பறித்து வரச் சொன்னாய். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறித்து வந்தேன். அதை அப்படியே தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்திருந்தால், சாரம் எல்லாம் இறங்கி அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்குமே! இதற்குப் போய் ஓர் இரவு முழுவதும் எதற்கு?

மருமகள்: கொதிக்க வைத்தால் மணம் பக்கத்து வீட்டாருக்குப் போய்ச் சேரும், கீரை வேகவைத்த தண்ணீர் நமக்கு மிஞ்சும். மல்லிகை மணம் சூட்டில் நிற்காது. இருட்டிய பிறகு மொட்டு விரியும்போதுதான் அந்த மணமே வெளிப்படுகிறது. செடியிலிருந்து பறித்த பின்னும் விடிய விடிய வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் தாய்லாந்தில், கொதித்து ஆறிய தண்ணீரில் மாலையில் மல்லிகையை மிதக்கவிட்டு, மூடி வைத்திருந்து, காலையில் பூவை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரைப் பாகு காய்ச்சவும் தேங்காய்ப்பால் இனிப்புகள் செய்யவும் பயன்படுத்துகிறார்கள். சீனர்களின் மல்லிகைத் தேநீரிலும் பூவை வேகவைப்பதில்லை. தேயிலையோடு பூவைக் கலந்து இரவெல்லாம் வைத்திருந்து பிறகு பிரித்தெடுத்துவிடுகிறார்கள். ரோஜா அப்படியல்ல, பறித்தவுடன் அதன் கதை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவே அதைக் காய்ச்சி வடித்துப் பன்னீர் எடுக்கிறார்கள்.

மாமனார்: பறித்த பின்னும் வேலை செய்யும் பூ! ஓய்வு பெற்றவனை உட்கார வைத்து லைச்சி வடிகட்டச் சொல்கிறாயே, இப்போதுதான் எனக்குக் காரணம் புரிகிறது.

மருமகள்: காலையில் தண்ணீரிலிருந்து பூவை எடுத்துவிட்டீர்கள் அல்லவா? பழுப்பேறும்வரை விட்டிருந்தால் கசக்கும்.

மாமனார்: எடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தால் மணம் கூடுமே என்று மனம் அடித்துக்கொண்டது.

மருமகள்: கூடினாலும் தொல்லைதான். மல்லிகையில் இண்டோல் என்ற பொருள் உண்டு. அது துளியளவில் இருக்கும்வரைதான் பூ மணக்கும். அளவு மிஞ்சினால் பீரோவில் போடும் அந்துருண்டையின் வாடை வந்துவிடும்.

மாமனார்: நல்ல வேளை. தொட்டியில் பூ குறைந்ததை அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று, தேக்காவில் பஃபலோ ரோட்டுக் கடையில் இரண்டு முழம் மதுரை மல்லியும் வாங்கி வைத்திருக்கிறேன். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூவாக்கும்! தொட்டிப்பூ போதாவிட்டால் அதையும் உதிர்த்துப் போட்டுவிடலாமா?

மருமகள்: கூடவே கூடாது. சாமிக்கும் தலைக்கும் போகிற பூவுக்குத் தோட்டத்தில் மருந்து அடித்திருப்பார்கள். அது வாயில் வைப்பதற்காக வளர்த்ததல்ல. நம் தொட்டிப்பூவை நான் கேட்டதே, அத்தை அதற்குச் சோறு வடித்த கஞ்சியைத் தவிர வேறெதையும் ஊற்றுவதில்லை என்பதால்தான்.

மாமனார்: அப்படியானால் கீழே பூங்காவில் என்னென்னவோ பூத்துக் கிடக்கிறதே, அவற்றில் ஒரு கைப்பிடி?

மருமகள்: பூங்காவில் பூப் பறிப்பது இந்த ஊரில் குற்றம், மாமா. பிறந்தநாள் அன்று அத்தை உங்களைப் பிணையில் எடுக்க வர வேண்டியிருக்கும். அதுவும் நீங்கள் பறித்து வருவது அரளியாக இருந்துவிட்டால், பிணையில் எடுக்கவும் ஆள் இருக்காது.

மாமனார்: ஆர்கிட் விஷமில்லையே! வாண்டா மிஸ் ஜோக்கிம், 1981இலிருந்து நம் தேசிய மலர். அதை மேலே வைத்தால் கேக்குக்கு ஓர் அரசாங்க மரியாதை கிடைக்கும்.

மருமகள்: ஆர்கிட் குடும்பத்திலிருந்து ஒருவர் ஏற்கெனவே மாவுக்குள் வந்துவிட்டார். வெனிலா அந்தக் குடும்பம்தான். அதில் பூவை விட்டுவிட்டுக் காயைப் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

மாமனார்: பார்த்தாயா, நான் வாய் திறப்பதற்கு முன்பே நான் சொன்னதைச் செய்து முடித்திருக்கிறாய்.

(ஓவன் மணி அடிக்கிறது. மருமகள் நடுவில் விரலால் லேசாக அழுத்திப் பார்க்கிறார். பள்ளம் மேலெழுந்து மறைகிறது. கேக்கின் ஓரம் தகரத்தை விட்டு மயிரிழை அளவு விலகியிருக்கிறது. மாமனார் கைதட்டப் போய், உறங்குபவரை நினைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் காற்றிலேயே நிறுத்திக்கொள்கிறார். கேக் கம்பி வலைமேல் கிடந்து ஆறும் நேரத்தை நாம் கடந்துவிடலாம். அந்த நேரத்தில் மாமனார் பேசியவை எல்லாம் மாம்பழ விலையைப் பற்றியவை.)

மருமகள்: இப்போது முழுவதும் ஆறிவிட்டது, மூன்றாக அறுக்கலாம். பல் வைத்த கத்தியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, கேக் தட்டைத்தான் சுற்ற வேண்டும். தட்டை நீங்கள் சுற்றுங்கள். வட்டமாகத் திருப்புவதில் உங்களுக்கு அனுபவம் உண்டு.

மாமனார்: திருப்பத்தில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. ஆகா, மூன்றும் ஒரே கனம்!

மருமகள்: அடுத்தது கிரீம். நேற்று இரவு 400 மில்லிலிட்டர் கிரீமில் மொட்டுகளைப் போட்டு மூடி வைத்தேன். காலையில் வடிகட்டிவிட்டு மறுபடியும் மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மல்லிகை மணத்தைத் தண்ணீரைவிடக் கொழுப்புதான் நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்து வாசனைத் திரவியக்காரர்கள் கண்ணாடிப் பலகையில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் மல்லிகையைப் பரப்பித்தான் மணத்தை எடுத்தார்கள்.

(குளிர்பதனப் பெட்டியைத் திறக்கிறார். மூடுகிறார். மீண்டும் திறக்கிறார்.)

மருமகள்: மாமா.

மாமனார்: சொல்லம்மா.

மருமகள்: கீழ்த்தட்டில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருப்பது என்ன?

மாமனார்: பழம்.

மருமகள்: என்ன பழம்?

மாமனார்: பழங்களின் அரசன் என்று இந்த ஊரில் சொல்வார்களே, அது. ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால், கேலாங்கிலிருந்து நண்பரின் காரில், நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுக் கொண்டுவந்தேன். பழக் கேக் என்றாயே, ஓர் அடுக்காவது டுரியானாக இருந்தால் விருந்தினர்கள் மகிழ்வார்கள் என்று நினைத்தேன்.

மருமகள்: டுரியான் வாடை பட்டாலே அத்தைக்குத் தலைவலி வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாதா? அதையும் விடுங்கள். கிரீம் பாத்திரத்தை நான் நெகிழித்தாளால் இறுக்கி மூடினேன். இப்போது ஒரு பக்கம் பிரிந்து கிடக்கிறதே!

மாமனார்: மல்லிகை வந்துவிட்டதா என்று அவ்வப்போது முகர்ந்து பார்த்தேன். பார்த்த ஒவ்வொரு முறையும் மூடிவிட்டேன், ஏறக்குறைய.

மருமகள்: கொழுப்புக்கு இன்ன வாசனைதான் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத் தெரியாது, மாமா. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாடையை வாங்கிக்கொள்ளும். இந்தாருங்கள், ஒரு கரண்டி சாப்பிட்டுப் பாருங்கள்.

மாமனார்: (சுவைத்து, கண்ணை மூடி) நாக்கில் வைத்தவுடன் மதுரை, விழுங்கும்போது கேலாங்.

மருமகள்: அந்தக் கிரீம் முழுவதும் இனி உங்களுக்குத்தான். நாளை முதல் காப்பியில் ஊற்றித் தருகிறேன். நமக்கு இனி இருக்கும் ஒரே மல்லிகை அந்தப் பாகுதான். 100 கிராம் சீனியைச் சிறிது வெந்நீரில் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு மல்லிகைத் தண்ணீரைக் கலந்து உங்களிடம் கொடுத்தேனே, அதை எங்கே வைத்தீர்கள்? டுரியானுக்குப் பக்கத்தில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாமனார்: சாமி மேடையில், செம்பில், தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தீர்த்தம் என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள் அல்லவா?

மருமகள்: உங்களுக்குள்ளும் ஒரு சமையல்காரர் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

(செம்பு வருகிறது. மருமகள் தூரிகையால் ஒவ்வோர் அடுக்கின்மேலும் பாகைத் தடவுகிறார். வெதுவெதுப்பான ரொட்டி வாசனைக்கு மேலே, சற்றுத் தாமதமாக, மல்லிகை எழுகிறது. இருவரும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. மாமனாரின் வரலாற்றில் இது அபூர்வம்.)

மாமனார்: அன்னாசிப் பழமும் ஒன்று நறுக்கி வைத்திருக்கிறேன். ஜெலட்டின் போட்டு இறுக வைத்து, நடு அடுக்காக விட்டால் பளபளவென்று இருக்குமே?

மருமகள்: இறுகாது. வேகவைக்காத அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை அறுத்துவிடும், ஜெலட்டினோ புரதம். அன்னாசி தின்றால் உங்கள் நாக்கு அரிக்கிறதே, அதற்கும் அந்த நொதியையே குற்றம் சொல்கிறார்கள். பப்பாளியிலும் இப்படி ஒன்று உண்டு. பழத்தைக் கொதிக்க வைத்தால் அதன் ஆட்டம் அடங்கும். அல்லது கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகரைப் போட வேண்டும், அது புரதம் அல்ல என்பதால் நொதியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இந்த நேரத்தில் நான் எதையும் காய்ச்சப் போவதில்லை. மாம்பழமும் லைச்சியும் போதும். இரண்டையும் காகிதத்தில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சாறு கசிந்து அடுக்குகள் சறுக்கிவிடும்.

மாமனார்: ஒற்றிவிட்டேன். கிரீமுக்கு என்ன செய்வாய்?

மருமகள்: 35 விழுக்காடு கொழுப்புள்ள பெட்டி இன்னொன்று இருக்கிறது, நல்லவேளையாக இன்னும் பிரிக்காதது. ஆனால் கிரீம் 10 டிகிரிக்கு மேல் சூடேறினால் கொழுப்பு இளகி, அடித்த காற்று நிற்காது. இந்தச் சமையலறையில் நான் மேல் அடுக்குக்குப் பூசிக்கொண்டிருக்கும்போதே அடி அடுக்கு வழிந்து தரைக்கு வந்துவிடும். குளிர்ந்த அறை வேண்டும். எங்கள் அறையிலோ குளிர்சாதனம் பழுதாகிக் கிடக்கிறது.

மாமனார்: அதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துவிட்டேன். பத்து மணிக்கே பூனை நடை நடந்து போய், உன் அத்தையின் அறையில் 25இல் இருந்ததை 16க்கு இறக்கிவிட்டு வந்தேன். இப்போது உள்ளே மீன் சந்தையின் பனிக்கட்டி அறை தோற்றுப்போகும்.

(இருவரும் தட்டு, பழம், கிரீம் சகிதம் இருட்டறைக்குள் நுழைகிறார்கள். கண்ணாடி மேசையில் இருந்தவற்றை ஒதுக்கிவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் முதல் இரண்டு அடுக்குகளும் அமைகின்றன. கட்டிலில் போர்வை அசைகிறது.)

மருமகள்: (தாழ்ந்த குரலில்) மாமா, அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். பல் கிட்டுகிறது, பாவம்.

மாமனார்: (இன்னும் தாழ்ந்த குரலில்) நம்மைப் பார்த்துவிட்டாளா?

மருமகள்: கண்ணாடி போடவில்லை. தமக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது என்கிறார். மாத்திரை டப்பாவை எடுத்துத் தரும்படி உங்களைக் கூப்பிடுகிறார்.

மாமனார்: அந்த டப்பா எங்கே?

மருமகள்: தட்டு ஆடாமல் நிற்க வேண்டும் என்று நீங்கள்தானே அதை அடியில் முட்டுக் கொடுத்தீர்கள்.

மாமனார்: மூன்றாவது அடுக்கு முடிய எவ்வளவு நேரம் ஆகும்?

மருமகள்: பூசி, ஓரம் வழித்து, பழம் அடுக்கக் கால் மணி நேரமாவது வேண்டும்.

மாமனார்: நீ பதறாமல் செய், அம்மா. நான் போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். இது காய்ச்சல்தானா என்று முடிவுக்கு வர எனக்கும் அவ்வளவு நேரம் பிடிக்கும்.