வாஷ் துடைக்க ஏதாவது ஒரு தின்னர் ஆகாது

பிளாஸ்டிக் மாடல் டாங்கியின் இடுக்குகளில் நிழல் தெரிய, நீர்த்த கருநிறப் பெயிண்டைப் பூசி மிச்சத்தைத் துடைப்பதுதான் வாஷ். அதற்கு முன் பெயிண்டின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு வார்னிஷ். “வார்னிஷ் வேண்டாம், எனாமல் வாஷை நேராகப் பூசி ஏதாவது ஒரு தின்னரில் துடைத்தால் போதும்” என்று ஒருவர் சொன்னதை நம்பி யாரும் 1/35 அளவு டாங்கியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அக்ரிலிக் மேல் எனாமல் வாஷ் போடலாம் என்பது சரி. “ஏதாவது தின்னர்” என்பதுதான் ஆபத்து.

மாடல் பெயிண்ட் நிறுவனமான டமியாவின் எக்ஸ்-20ஏ தின்னர் ஆல்கஹால் சார்ந்தது. டமியா அக்ரிலிக்கையே கரைத்துவிடும். ஹார்டுவேர் கடையில் வெறுமனே “தின்னர்” என்று கேட்டால் பெரும்பாலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கான கடுமையான தின்னர்தான் வரும். அது பெயிண்டோடு நிற்காமல் அடியிலுள்ள பிளாஸ்டிக்கையும் இளக்கும். எனாமல் வாஷுக்கு ஒயிட் ஸ்பிரிட் அல்லது மினரல் டர்பன்டைன் போதும். அதிலும் தூரிகை ஈரமாக இருந்தால் போதும், சொட்டக்கூடாது. இழுவிசையில் ஒட்டிய, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளின் பிளாஸ்டிக் இடுக்கில் அது தேங்கினால் விரிசல் விட்டு ஒடியும். வாஷ் போட்ட மறுநாள் சக்கரம் கையோடு வந்துவிடுவது இதனால்தான்.

வார்னிஷ் விஷயம் வேறு. மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் சொரசொரப்பானது. வாஷ் ரிவெட்டைச் சுற்றி நிற்காமல் பரவிக் கறையாகும். டமியா எக்ஸ்-22 போன்ற பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக இரண்டு தடவை அடித்து, 24 மணி நேரம் காயவிட்டு வாஷ் போடுங்கள். 15, 20 நிமிடத்தில் மிச்சத்தை மேலிருந்து கீழாக இழுத்து எடுங்கள். மேட் பூச்சு கடைசியில்தான். நிறத்தையே மொத்தமாக மாற்றும் ஃபில்டருக்கு மட்டும் மேட் பரப்பு நல்லது. ஒருவேளை வார்னிஷ் வேண்டாம் என்றவர் அதைத்தான் வாஷோடு குழப்பிக்கொண்டாரோ!